மேடை மறுக்கப்பட்ட உரை காதுக்கு வந்தது எப்படி? லண்டன் இலக்கியப் பத்திரிகை ஒன்றின் பாட்காஸ்ட் கதை

2024 பிப்ரவரி 28, லண்டன். கிளர்கன்வெல் பகுதியில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் ஒரு கூட்டம். பேச வந்திருந்தவர் ஜான்சியில் பிறந்த இந்திய எழுத்தாளர் பங்கஜ் மிஸ்ரா. யூத இனப்படுகொலையின் நினைவு இன்று எப்படிப் பயன்படுத்தப்படுகிறது, காசாவுக்குப் பிறகு அந்த நினைவுக்கு என்ன ஆகும் என்பதுதான் அன்றைய பேச்சு.

இந்த உரை முதலில் தேவாலயத்தில் நடப்பதாக இல்லை. லண்டனின் பெரிய கலை மையமான பார்பிக்கனில் நடக்க வேண்டியது. பார்பிக்கன் பின்வாங்கியது. நிகழ்ச்சி முழுதாக உறுதியாவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். தலைப்பைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் பேச்சு. இதைக் கண்டித்து, பார்பிக்கனில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு கண்காட்சியிலிருந்து தங்களிடம் இருந்த கலைப்படைப்புகளைச் சிலர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

உரையை ஏற்பாடு செய்தது எந்த அரசியல் கட்சியும் இல்லை, எந்த இயக்கமும் இல்லை. மாதம் இரண்டு முறை வரும் ஒரு புத்தக விமர்சனப் பத்திரிகை. பெயர் ‘லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’. சுருக்கமாக எல்ஆர்பி. மண்டபம் போனால் என்ன, தேவாலயம் இருக்கிறது என்று இடத்தை மாற்றினார்கள். உரையைப் பதிவு செய்தார்கள். மார்ச் மாத இதழில் நீண்ட கட்டுரையாக அச்சிட்டார்கள். அதோடு நிற்காமல் தங்கள் பாட்காஸ்ட்டிலும் போட்டார்கள். பார்பிக்கன் அரங்கில் அதிகபட்சம் எத்தனை பேர் உட்கார முடியுமோ, அதைவிட எத்தனையோ மடங்கு பேரிடம் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அது ஒரு புத்தகமாகவும் விரிந்தது.

புத்தக விமர்சனம் போடுற பத்திரிகைக்கு பாட்காஸ்ட் எதுக்குங்க என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவமே பாதி பதில். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கதவடைப்பில் பிறந்த பத்திரிகை

1978 டிசம்பரில் லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அச்சிடப்படுவது நின்றுபோனது. நிர்வாகத்துக்கும் அச்சுத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இடையே நடந்த தகராறு. கிட்டத்தட்ட ஓராண்டு கதவு திறக்கவில்லை. அதே நிறுவனத்தின் இலக்கிய இணைப்பிதழும் சேர்ந்து நின்றது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் புத்தகம் எழுதுபவர், பதிப்பிப்பவர், படிப்பவர் எல்லோரும் அந்த இணைப்பிதழைத்தான் நம்பியிருந்தார்கள். புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

1979 கோடையில் விமர்சகர் ஃபிராங்க் கெர்மோட் ஒரு பத்திரிகையில் எழுதினார்: இந்த வெற்றிடத்தை நிரப்பப் புதிதாக ஓர் இதழ் வேண்டும். அந்த அக்டோபரிலேயே எல்ஆர்பி வந்துவிட்டது. கார்ல் மில்லர் ஆசிரியர். மேரி-கே வில்மர்ஸும் சூசன்னா கிளாப்பும் உடன் நின்றவர்கள். தனியாக விற்கக் கையில் காசு இல்லை. அதனால் முதல் ஆறு மாதம் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழுக்குள் மடித்து வைக்கப்பட்டு வந்தது, கங்காரு வயிற்றில் குட்டி மாதிரி. 1980 மே மாதம் தனிக்குடித்தனம்.

இதன் பெயரில் புத்தகம் இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் புத்தக அறிமுகம் அல்ல. ‘இந்த நாவலை வாங்கலாமா, வேண்டாமா’ என்று நட்சத்திரம் போடும் வேலை அங்கே கிடையாது. ஒரு புத்தகத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, எழுதுபவர் அந்தத் துறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வருவார். சில சமயம் விமர்சிக்க வேண்டிய புத்தகம் கட்டுரையின் கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டும். ஐந்தாயிரம் சொல், எட்டாயிரம் சொல் அங்கே சாதாரணம். 72 பேர் இறந்த கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்தைப் பற்றி 2018-இல் ஆண்ட்ரூ ஓ’ஹேகன் எழுதியது சுமார் 60 ஆயிரம் சொற்கள், அதாவது ஒரு புத்தகத்தின் அளவு. (அந்தக் கட்டுரை உள்ளாட்சி நிர்வாகத்துக்குச் சாதகமாகப் பேசுகிறது என்று கடுமையான எதிர்ப்பும் வந்தது. நீளமாக எழுதிவிட்டால் சரியாக எழுதியதாக ஆகிவிடாது.)

இந்தியாவுக்கும் இந்தப் பத்திரிகைக்கும் உரசல் உண்டு. 2012-இல் வரலாற்றாசிரியர் பெரி ஆண்டர்சன் காந்தி, பிரிவினை, நேருவுக்குப் பிந்தைய இந்தியா என்று மூன்று நீண்ட கட்டுரைகள் எழுதினார். அவை அதே ஆண்டு இங்கே புத்தகமாக வந்தபோது நம் அறிவுலகில் பெரிய சண்டையே நடந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், அதாவது 2011-இல், நியால் ஃபெர்குசன் என்ற புகழ்பெற்ற வரலாற்றாசிரியரின் புத்தகத்தைப் பங்கஜ் மிஸ்ரா அங்கே விமர்சித்தார். ஃபெர்குசன் அவதூறு வழக்குப் போடுவேன் என்று மிரட்டும் அளவுக்குப் போனது விவகாரம்.

அட்லாண்டிக் பத்திரிகை கேட்டு வாங்கிப் பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கட்டுரையும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது. அமெரிக்க அரசியலில் இஸ்ரேல் ஆதரவுக் குழுக்களின் செல்வாக்கு பற்றி ஜான் மியர்ஷைமரும் ஸ்டீஃபன் வால்ட்டும் எழுதியது அது. 2006 மார்ச்சில் வெளியானது. ஆக, 2024-இல் நடந்தது இந்தப் பத்திரிகைக்கு முதல் அனுபவம் இல்லை. மற்றவர்கள் கைவிட்டதை எடுத்துப் போடுவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை.

படிக்க நேரமில்லை, கேட்க நேரமிருக்கிறது

எட்டாயிரம் சொல் கட்டுரையை யார் படிப்பார்கள்? நேர்மையாகச் சொன்னால், சந்தா கட்டியவர்களே எல்லாவற்றையும் படிப்பதில்லை. பிரிக்கப்படாத இதழ்கள் மேசையில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியைக் கிளப்பும். நம் வீட்டில் வாங்கி வைத்த சிறுபத்திரிகைகளின் கதையும் அதுதானே.

ஆனால் பாத்திரம் கழுவும்போது, ரயிலில் நின்றுகொண்டு போகும்போது, சிக்னலில் காத்திருக்கும்போது கண் வேறு எங்கோ இருக்க வேண்டும். காது சும்மாதான் இருக்கிறது. இந்தச் சும்மா இருக்கும் காதைத்தான் பாட்காஸ்ட் பிடித்துக்கொண்டது.

அந்தச் சொல்லே 2004-இல் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில்தான் முதலில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. பிரிட்டனில் இதற்கு நிலம் ஏற்கெனவே உழுது வைக்கப்பட்டிருந்தது. மூன்று பேராசிரியர்களை உட்கார வைத்து ஒரே விஷயத்தை முக்கால் மணி நேரம் பேசும் பிபிசியின் ‘இன் அவர் டைம்’ வானொலி நிகழ்ச்சி 1998-இல் தொடங்கியது. கடினமான விஷயம் என்றால் ஜனங்க கேக்க மாட்டாங்க என்ற நம்பிக்கையை அது அன்றைக்கே உடைத்துவிட்டது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 2007-லேயே ‘நியூயார்க்கர்’ தன் சிறுகதைப் பாட்காஸ்ட்டைத் தொடங்கியது. ஓர் எழுத்தாளர், அந்தப் பத்திரிகையில் எப்போதோ வந்த வேறொருவரின் கதையைத் தேர்ந்தெடுத்து வாசித்துவிட்டு, ஆசிரியர் டெபோரா ட்ரீஸ்மனோடு அதைப் பற்றிப் பேசுவார். அவ்வளவுதான் வடிவம். இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

எல்ஆர்பி பாட்காஸ்ட்டின் வடிவமும் எளிமையானதுதான். இதழில் கட்டுரை எழுதியவரை அழைத்து, ஆசிரியர் குழுவில் ஒருவர் கேள்வி கேட்பார். தாமஸ் ஜோன்ஸ் நெடுங்காலமாக இதைச் செய்துவருகிறார். மத்தியக் கிழக்கு, பிரான்ஸ், ஜாஸ் இசை, ஃபனான் என்று வந்தால் அமெரிக்க ஆசிரியரான ஆடம் ஷாட்ஸ் வருவார். பின்னணி இசை அதிகம் இல்லை, திடுக்கிடும் தொடக்கம் இல்லை. ஒரு வாரம் உக்ரைன், மறுவாரம் இடைக்காலத் துறவிகள், அதற்கடுத்த வாரம் பிரிட்டனின் சாக்கடை நீர் ஏன் ஆற்றில் கலக்கிறது என்பது போல எங்கே வேண்டுமானாலும் போகும். அடுத்த வாரம் என்ன என்று ஊகிக்க முடியாது என்பதே பாதி ருசி.

எழுத்தில் வராத ஒன்று

குரல் என்ன செய்யும் என்பதற்கு இவர்களிடமே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது ஹிலரி மாண்டல். புக்கர் பரிசை இரண்டு முறை வென்றவர். 2013 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்ஆர்பி நடத்திய உரையில், அரச குடும்பத்துப் பெண்களை ஊடகங்களும் மக்களும் எப்படி வெறும் உடம்பாக, வாரிசு பெறும் கருவியாக, துணி மாட்டும் பொம்மையாகப் பார்க்கிறார்கள் என்று பேசினார். ஆன் பொலினைப் பற்றியும் பேசினார், அப்போது கர்ப்பமாக இருந்த கேட் மிடில்டனைப் பற்றியும் பேசினார். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். பிரச்சினை எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து உரை இதழில் அச்சானது. செய்தித்தாள்கள் கேட்டைப் பற்றிய சில வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, ‘இளவரசியை அவமதித்த எழுத்தாளர்’ என்று தலைப்புப் போட்டன. அரச குடும்பத்துப் பெண்களை இப்படி நடத்தாதீர்கள் என்று சொன்னவரையே, அப்படி நடத்தியவராக மாற்றிவிட்டார்கள். அப்போது பிரதமராக இருந்த டேவிட் கேமரன் இந்தியாவுக்கு வந்திருந்தார். வந்த இடத்திலிருந்தே மாண்டலைக் கண்டித்துக் கருத்துச் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்துகொண்டார். அவர்கள் உரை முழுவதையும் படித்திருப்பார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

அதே உரையை ஒலியாகக் கேட்டால் குழப்பமே வராது. எங்கே நையாண்டி, எங்கே வருத்தம் என்று குரலே சொல்லிவிடும். நக்கலாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன. எழுத்தை வெட்டி ஒட்டுவதுபோலவே ஒலியையும் வெட்டலாம், அது வேறு விஷயம். ஆனால் முழுதாகக் கேட்பவருக்குத் தொனி தொலைவதில்லை.

இரண்டாவது உதாரணம் மேரி பியர்ட். கேம்பிரிட்ஜில் ரோமானிய வரலாறு கற்பித்த பேராசிரியர். 2014-இல் அதே பிரிட்டிஷ் மியூசியம், அதே குளிர்கால உரை வரிசை. பொதுவெளியில் பெண்ணின் குரல் என்பதுதான் தலைப்பு. ஹோமரின் ஒடிசி காவியத்தில் மகன் டெலிமேக்கஸ் தன் தாய் பெனலோப்பைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு உள்ளே போகச் சொல்லும் காட்சியிலிருந்து தொடங்கி, ட்விட்டரில் பெண்களுக்கு வரும் மிரட்டல்வரை ஒரே நூலில் கோத்தார். பொதுவெளியில் பேசியதற்காக அவரே அப்படிப்பட்ட வசைகளை வாங்கிக் கட்டிக்கொண்டவர். பெண் குரலை மேற்குலகம் மூவாயிரம் ஆண்டாக எப்படி அடக்கியது என்பதை ஒரு பெண்ணின் குரலிலேயே கேட்பதற்கும், காகிதத்தில் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த உரையும் 2017-இல் அவர் ஆற்றிய இன்னொரு உரையும் சேர்ந்து ஒரு சிறு புத்தகமாக வந்து, பல நாடுகளில் பரவலாகப் படிக்கப்பட்டது.

ஒரு முரணையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதே பத்திரிகைதான் பெண்களுக்குப் போதிய இடம் தரவில்லை என்று பலமுறை விமர்சிக்கப்பட்டது. இலக்கிய இதழ்களில் ஆண், பெண் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று 2010 முதல் எண்ணத் தொடங்கிய விடா என்ற அமெரிக்க அமைப்பின் கணக்கில் எல்ஆர்பி மோசமான இடத்தில்தான் இருந்தது. அதுவும் ஒரு பெண் ஆசிரியராக இருந்த காலத்தில். 1992 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் மேரி-கே வில்மர்ஸ். இப்போது ஜீன் மெக்னிகல், ஆலிஸ் ஸ்பால்ஸ் என்ற இரண்டு பெண்கள் பொறுப்பில் இருக்கிறார்கள்.

ஊரடங்கில் ஒரு வகுப்பறை

2016 முதல் 2022 வரை ‘டாக்கிங் பாலிடிக்ஸ்’ என்று ஓர் அரசியல் பாட்காஸ்ட் வந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் டேவிட் ரன்சிமனும் ஹெலன் தாம்ப்ஸனும் நடத்தியது. எல்ஆர்பியும் இதில் கைகோத்தது. பிரெக்ஸிட், ட்ரம்ப் என்று உலகம் தலைகீழாகச் சுற்றிய காலம் அது. அன்றாடச் செய்திக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் விலை, வங்கிக் கடன், ஐரோப்பிய ஒப்பந்தம் போன்ற எலும்புக்கூட்டை நிதானமாகப் பேசினார்கள்.

2020-இல் கொரோனா வந்தது. எல்லோரும் வீட்டுக்குள். ரன்சிமன் தனி ஆளாக மைக் முன் உட்கார்ந்து, அரசியல் சிந்தனை வரலாற்றைப் பற்றித் தொடராகப் பேச ஆரம்பித்தார். முதல் அத்தியாயம் தாமஸ் ஹாப்ஸ். உயிரைக் காப்பாற்ற அரசிடம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று 1651-இல் எழுதியவரைப் பற்றி, வெளியே போனால் போலீஸ் நிறுத்தும் நாள்களில் கேட்டால் எப்படி இருந்திருக்கும்! மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், மார்க்ஸ், வேபர், ஹன்னா ஆரெண்ட், ஃபனான் என்று தொடர் நீண்டது. அந்த வரிசையில் காந்தியும் உண்டு, ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலுக்காக. 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில், பத்தே நாளில், வலது கை ஓய்ந்தபோது இடது கையால் காந்தி எழுதி முடித்த புத்தகம் அது. நாம் தேசப்பிதாவாக மட்டும் பார்க்கும் ஒருவரை, ஹாப்ஸுக்குப் பதில் சொல்லும் அரசியல் சிந்தனையாளராக ஓர் ஆங்கிலேயர் உட்கார்ந்து விளக்குகிறார் என்பதற்காகவே அந்த அத்தியாயத்தைக் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. தொடர் அடுத்த ஆண்டு புத்தகமானது.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றத்தைக் கவனியுங்கள். முதலில் புத்தகம், பிறகு விமர்சனம், பிறகு பேச்சு என்பதுதான் பழைய வழி. இப்போது பேச்சு முதலில் வருகிறது. அதிலிருந்து கட்டுரை வருகிறது, அதிலிருந்து புத்தகம்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது?

இதுதான் இளம் வாசகர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பாட்காஸ்ட் தொழில்நுட்பமாகப் பார்த்தால் மிகச் சாதாரணமான ஒன்று. ஒலிக் கோப்பு ஏதோ ஒரு சர்வரில் இருக்கும். அது எங்கே இருக்கிறது, தலைப்பு என்ன, எத்தனை நிமிடம் என்ற பட்டியல் ஆர்எஸ்எஸ் என்ற எளிய கோப்பில் இருக்கும். உங்கள் செயலி அந்தப் பட்டியலை அடிக்கடி எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது இருந்தால் இறக்கிக்கொள்ளும். நடுவில் எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. யூடியூப் வீடியோவை நீக்கலாம், ஃபேஸ்புக் பதிவை யாருக்கும் காட்டாமல் அமுக்கலாம். ஆர்எஸ்எஸ் பட்டியல் பத்திரிகையின் சொந்தக் கையில் இருப்பதால் அது அவ்வளவு சுலபமில்லை. பார்பிக்கன் கதவைச் சாத்திய பிறகும் மிஸ்ராவின் குரல் உலகம் முழுக்கப் போனதற்கு இந்தப் பழைய, பளபளப்பில்லாத தொழில்நுட்பமும் ஒரு காரணம்.

ஆனால் இதே எளிமைதான் வருமானத்துக்குத் தலைவலி. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று சர்வர் சொல்லும், எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லாது. குறைந்தது ஒரு நிமிட அளவு ஒலி இறங்கியிருந்தால் ஒரு ‘டவுன்லோடு’ என்று விளம்பரத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ஐபோனின் புதிய மென்பொருள், கேட்காமல் விட்ட அத்தியாயங்களைத் தானாக இறக்குவதைக் குறைத்துக்கொண்டது. அவ்வளவுதான், பல பாட்காஸ்ட்களின் எண்ணிக்கை ஒரே இரவில் சரிந்தது. கேட்பவர்கள் குறையவில்லை, கணக்குதான் குறைந்தது.

விளம்பரத்தை மட்டும் நம்பினால் இடைக்காலக் கவிதை பற்றி ஒரு மணி நேரம் பேச முடியாது. அதனால் எல்ஆர்பி இரண்டு வழியில் போகிறது. இலவசப் பாட்காஸ்ட், பத்திரிகைக்கான வாசல். கேட்டுப் பிடித்துப்போனவர் சந்தா கட்டுவார், அல்லது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் 2003 முதல் அவர்கள் நடத்தும் புத்தகக் கடைக்கு வருவார். இன்னொன்று ‘குளோஸ் ரீடிங்ஸ்’ என்ற கட்டணத் தொடர். ஷேமஸ் பெரி, மார்க் ஃபோர்டு என்ற இரண்டு பேராசிரியர்கள் கவிஞர்களைப் பற்றிச் சும்மா அரட்டை அடிப்பதுபோலத் தொடங்கியது, பிறகு ஆண்டு முழுவதும் நடக்கும் பாடத்திட்டமாக வளர்ந்தது. கிரேக்க, ரோமானிய இலக்கியத்துக்கு ஒடிசியை மொழிபெயர்த்த எமிலி வில்சன், அங்கதத்துக்கு வேறு இருவர் என்று போகிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொஞ்சம் இலவசம், முழுசும் வேண்டுமானால் பணம். கட்டினால் உங்களுக்கென்று தனி ஆர்எஸ்எஸ் முகவரி கிடைக்கும். ஆப்பிள் செயலிக்குள்ளேயே சந்தா கட்டும் வசதி 2021-இல் வந்தது இந்த மாதிரித் தொடர்களுக்குப் பெரிய உதவி.

இதெல்லாம் சேர்ந்தாலும் பத்திரிகை தன் காலில் நிற்கிறதா என்றால், வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. வில்மர்ஸின் குடும்ப அறக்கட்டளைக்கு எல்ஆர்பி 2.7 கோடி பவுண்டு கடன்பட்டிருப்பதாக 2010-இல் ‘தி டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் அறக்கட்டளைக்கு இல்லை என்றும் சொல்லப்பட்டது. யாருக்கும் அஞ்சாமல் எழுத முடிகிறது என்றால், அதன் பின்னால் திரும்பி வராத ஒரு குடும்பச் சொத்து இருக்கிறது. கட்டுரையாளர்களின் துணிச்சலைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘நாங்களும் இப்படி ஒன்னு ஆரம்பிக்கலாமே’ என்று கிளம்பும் நண்பர்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை

கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்த விஷயங்களும் உண்டு. பேசுபவர்களில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வாசம் ரொம்பத் தூக்கல். ஒரே பள்ளி, ஒரே கல்லூரி, ஒரே நகைச்சுவை. ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் சிரிக்கிறார், வெளியில் இருப்பவருக்கு என்ன சிரிப்பு என்று புரிவதில்லை. சில வாரம், கட்டுரையில் இருப்பதையே எழுதியவர் திரும்ப ஒப்பிப்பார், அதற்குக் கட்டுரையையே படித்துவிடலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. அச்சுக் கட்டுரை பல கைகளைத் தாண்டித்தான் வெளியே வரும். தகவல் சரிபார்ப்பு, வாக்கியத் திருத்தம், சட்ட ஆலோசனை எல்லாம் நடக்கும். ஃபெர்குசன் வழக்கு மிரட்டல் மாதிரி ஒன்று வந்தால் எடுத்துக்காட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் கையில் இருக்கும். பேச்சில் அப்படியில்லை. நினைவிலிருந்து ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டால் அது அப்படியே காற்றில் போய்விடும். கேட்பவர் நடந்துகொண்டிருப்பார், நின்று சரிபார்க்க மாட்டார். ஒலியில் தேடுவதும் எழுத்தில் தேடுவதுபோலச் சுலபமில்லை. ‘அவர் அதைச் சொன்னாரே, எத்தனையாவது நிமிஷம்?’ என்று தேடிக் களைத்தவர்களுக்கு இது தெரியும். எல்ஆர்பியின் உரைகள் பலமாக நிற்பதற்குக் காரணம், அவை பேச்சாக வந்தாலும் எழுத்தாகத் தயாரிக்கப்பட்டவை. மிஸ்ராவோ மாண்டலோ பியர்டோ மேடையில் தோன்றியதைப் பேசவில்லை, எழுதி எடுத்துவந்து வாசித்தார்கள். மேடைத் தமிழில் வளர்ந்த நமக்குத் தாளைப் பார்த்து வாசிப்பது கொஞ்சம் இளப்பமாகத் தெரியலாம். ஆனால் தாளில் இருந்த அந்த உரை சில வாரங்களிலேயே அச்சில் நின்றது.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் மேரி பியர்டின் 2014 உரை. முன்னறிவு எதுவும் வேண்டாம், ஆங்கிலமும் தெளிவு. அடுத்து ரன்சிமனின் காந்தி. அதற்குப் பிறகு மிஸ்ராவின் உரைக்குப் போங்கள். உயர்சாதி இந்து தேசியவாதக் குடும்பத்தில் வளர்ந்தபோது இஸ்ரேல் மீது தனக்கு இருந்த பக்தியை அதில் அவரே நினைவுகூர்கிறார். அந்த இடம் இந்தியக் காதுக்குத் தனியாகக் கேட்கும். கேட்டு முடித்ததும் கட்டுரை வடிவத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேற்கோள்கள் அடர்த்தி.

வேகத்தைக் கூட்டிக் கேட்கும் பழக்கம் இருந்தால் இதற்கு மட்டும் வேண்டாம். ஆடம் ஷாட்ஸ் பேசும் அத்தியாயங்களுக்கு 1x போதும். பெரியும் ஃபோர்டும் கவிதை வாசிக்கும் இடங்களில் நான் 0.8-க்கு இறக்கி வைப்பேன். அப்படியும் புரியாவிட்டால் பத்து விநாடி பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம்.